வேண்டாம் என்று சொன்ன பெயர்

லட்ரீஸ் பெட்டவே எங்கள் கட்டடப் பொறியியல் துறையில் ஆசிரியராகச் சேர்ந்த முதல் வாரம், டீன் அலுவலகத்திலிருந்து அவளுக்கு ஒரு பழக்கூடை வந்தது. ரிப்பன் கட்டி, நல்வரவு அட்டை செருகி, நடுவில் ஓர் அன்னாசிப்பழத்தை ராஜா மாதிரி உட்காரவைத்து அனுப்பியிருந்தார்கள். நான்தான் தூக்கிக்கொண்டு போய் மேசைமேல் வைத்தேன். அவள் பழத்தைத் தொடவில்லை. அட்டையை மட்டும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"மிஸ் ஓரா, போன வருஷம் ஒரு பையன் சேர்ந்தானே, அவனுக்கும் இது வந்துச்சா?"

"இல்லையே கண்ணு."

"அப்ப எனக்கு மட்டும் எதுக்கு?"

"எதுக்கா? உன்னை வரவேற்கிறாங்க."

"வரவேற்கிறதுக்கு ஒரு ஹலோ போதும். அன்னாசிப்பழம் வருதுன்னா பின்னாடியே வேற ஏதோ வருது."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் அடுத்த திங்கட்கிழமை டீன் அலுவலகத்திலிருந்து போட்டோகிராபர் வந்தார். பல்கலைக்கழகத்தின் புதிய விளம்பரப் புத்தகத்துக்கு அட்டைப்படம் வேண்டுமாம். லட்ரீஸ் தலையில் பாதுகாப்புத் தொப்பியோடு நின்று சிரிக்க வேண்டுமாம். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, வாயசைப்பில் "அன்னாசி" என்றாள்.

எங்கள் கார்வெல் பல்கலைக்கழகத்தில் அந்தத் துறை தொடங்கியதிலிருந்து ஆசிரியராக வந்த முதல் கறுப்பினப் பெண் அவள். அதுவரை அந்த மாடியில் எங்கள் ஆட்கள் என்றால், அலுவலகத்தை நடத்துகிற நானும், தரை துடைக்கிற கர்ட்டிஸும்தான். ஆகவே அவள் சந்தேகப்பட்டதில் தப்பு சொல்ல மாட்டேன். நானே சந்தேகப் பிராணிதான். ஆனால் அதில் அவள் என்னையே மிஞ்சியவள்.

அவள் அப்பா கிரீன்வில்லில் பழைய கார் வாங்கி விற்பவர். சொந்தத் தம்பியே வண்டியைக் கொண்டுவந்தாலும், கோட்டைக் கழற்றிவிட்டு அடியில் படுத்துப் பார்த்த பிறகுதான் கை குலுக்குவாராம். அதை அவள் பெருமையாகச் சொல்லுவாள். அவள் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சியும் அப்படிப்பட்டதுதான். மிசிசிப்பியில் வெள்ளம் ஏறும்போது, ஆற்றங்கரை பார்க்க மலை மாதிரி நின்றுகொண்டிருக்கும். தண்ணீர் சத்தமில்லாமல் அடியில் புகுந்து மறுபக்கம் மணலைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். எந்தக் கரையில் எப்போது அப்படி வரும் என்று முன்கூட்டியே சொல்வது அவள் வேலை. நிற்கிறதே என்று எதையும் நம்பாதே என்பதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தாள்.

அந்த வருஷம்தான் பல்கலைக்கழகத்தில் வழிகாட்டித் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பெண்களும் எங்கள் ஆட்களும் பொறியியல் ஆசிரியர்களாக வருகிறார்கள், சில வருஷத்தில் காணாமல் போய்விடுகிறார்கள், அதனால் ஆளுக்கு ஒரு மூத்த பேராசிரியரைத் துணைக்கு நிறுத்துவது என்று ஏற்பாடு. லட்ரீஸுக்குக் கிடைத்தவர் டக் ஹேவர்ஸ்டிக். பெரிய தொப்பை, பெரிய சிரிப்பு, பெரிய ஆய்வுக்கூடம். முதல் நாளே அவளை பார்பெக்யூ கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் பன்றி விலாக்கறி வாங்கிக்கொடுத்தார்.

திரும்பி வந்ததும் நான் கேட்டேன். "எப்படி இருந்துச்சு?"

"கறி நல்லா இருந்துச்சு."

"மனுஷன்?"

"வழிகாட்டி என்னைப் பத்தி ஒரு கேள்வியும் கேக்கலை. ஆனா அடுத்த மாசம் அவர் அனுப்பற நிதி விண்ணப்பத்துல என் பேரைச் சேர்க்கலாமான்னு மூணு தடவை கேட்டுட்டார்."

அரசாங்கத்திடம் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்கும்போது, இதனால் சமூகத்துக்கு என்ன நன்மை, யார் யாரைச் சேர்த்துக்கொண்டீர்கள் என்று எழுத வேண்டும். எல்லாப் பேராசிரியர்களும் அந்தப் பக்கத்தைக் கடைசி நாளில்தான் எழுதுவார்கள். அந்த நாளில் எங்கள் மாடியில் லட்ரீஸின் மேல் எல்லாருக்கும் திடீர்ப் பாசம் வரும். காப்பி கொண்டுவருவார்கள். அம்மா நலமா என்பார்கள்.

ஹேவர்ஸ்டிக் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். பசியெடுத்த மனிதர், அவ்வளவுதான். கையில் கிடைத்ததையெல்லாம் தட்டில் போட்டுக்கொள்வார். நாடு முழுக்க ஆற்றங்கரை மண்ணைப் பற்றி ஆராய்கிற பெரிய தலைகளையெல்லாம் ஒரே திட்டத்துக்குள் இழுத்தார். அதில் லட்ரீஸையும் இழுத்தார். வருகிற கட்டுரைகள் எல்லாவற்றிலும் பத்துப் பேர் பெயர் இருக்கும், ஏழாவதாகவோ எட்டாவதாகவோ லட்ரீஸ் பெட்டவே. "பார், எத்தனை பெரிய ஆளுங்க பக்கத்துல உன் பேர்!" என்று முதுகில் தட்டுவார். அவள் தோளைச் சிலிர்த்துக்கொண்டு அறைக்குப் போவாள். ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை. புதிதாக வந்தவள், வழிகாட்டி என்று எழுத்தில் கொடுத்த ஆளிடம் எப்படிச் சொல்ல முடியும்? தனியாக அவள் எழுதிய கட்டுரைகள் வேறு. அவைதான் நல்ல கட்டுரைகள்.

அவள் உண்மையிலேயே வழிகாட்டியாக வேண்டும் என்று ஆசைப்பட்ட ஆள் வேறொருத்தர். ஜார்ஜியாவில் இருந்த ஆர்னெட்டா குரோவெல். மண் பொறியியலில் நம் பெண் ஒருத்தி முழுப் பேராசிரியர் ஆக முடியும் என்று காட்டியவர். லட்ரீஸ் கல்லூரியில் படிக்கும்போதே அந்த அம்மாவின் கட்டுரைகளைக் கரைத்துக் குடித்தவள். முதல் வருஷ மாநாட்டுக்குக் கிளம்பும்போது புதுச் செருப்பு வாங்கினாள். "டாக்டர் குரோவெலைப் பார்க்கப்போறேன் மிஸ் ஓரா" என்று சின்னப் பெண் மாதிரி சொன்னாள். அவள் ஒருவரை நம்பி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அந்த மாநாட்டில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டாம் நாள் மதியம், நாட்டில் இருக்கிற கறுப்பினப் பெண் பொறியியல் பேராசிரியர்கள் எல்லாரும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். யாரும் அழைப்பு அனுப்புவதில்லை. ஒரு மேசைதான் தேவைப்படும், எல்லாருக்கும் தெரியும். கட்டிப்பிடிப்பார்கள், சிரிப்புச் சத்தம் கூடத்துக்கே கேட்கும். லட்ரீஸ் தட்டை எடுத்துக்கொண்டு போய் குரோவெலுக்கு எதிரில் உட்கார்ந்து தன் பெயரைச் சொன்னாள். அந்த அம்மா அவள் கழுத்து அட்டையைப் படித்தார். "என்ன ஆராய்ச்சி?" என்று கேட்டார். ஆற்றங்கரை மண் என்றாள். "ஓ" என்றார். உடனே தட்டையும் கைப்பையையும் எடுத்துக்கொண்டு எழுந்து போய், அடுத்த மேசையில் வயதான வெள்ளைக்காரர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

"எழுந்தே போய்ட்டாங்க மிஸ் ஓரா. எல்லாரும் பார்த்தாங்க."

"வயசானவங்க கண்ணு. ஏசி காத்து ஒத்துக்கலையோ என்னவோ."

"ஏசி அந்த மேசைக்கு நேர் மேலதான் இருந்துச்சு."

அது மட்டும் என்றால் மறந்திருப்பாள். அடுத்த வருஷம் லட்ரீஸ் மேடையில் பேசி முடித்ததும், குரோவெல் கடைசி வரிசையிலிருந்து எழுந்து, உன் கணக்கில் களிமண் அடுக்கை ஏன் விட்டாய் என்று எல்லார் எதிரிலும் கேட்டார். லட்ரீஸ் வீட்டுக்கு வந்து மாதக்கணக்கில் உட்கார்ந்து களிமண்ணைச் சேர்த்துக் கணக்கை மாற்றினாள். கணக்கு பிரமாதமாக வந்தது. நல்ல மனசோடு, அந்தக் கட்டுரையின் முடிவில், கேள்வி கேட்டதற்கு டாக்டர் குரோவெலுக்கு நன்றி என்று ஒரு வரி எழுதி, அச்சுக்குப் போகும் முன்னால் அவருக்கு அனுப்பினாள். பதில் வந்தது. என் பெயரை எடுத்துவிடவும். அவ்வளவுதான். கீழே கையெழுத்துகூட இல்லை.

அன்றைக்கு அவள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"வெள்ளைக்காரன் தள்ளி வெச்சா எனக்குப் புரியும். அதுக்கு எங்கப்பா சின்ன வயசுலயே பழக்கிட்டாரு. இவங்க ஏன்? என் பேர் பக்கத்துல அவங்க பேர் நின்னா என்ன ஆயிடும்?"

"சில பேரு அப்படித்தான் கண்ணு. ஏணியில ஏறினதும் ஏணியை மேல இழுத்துக்குவாங்க. ஒரே ஒரு கறுப்புப் பொம்பளைக்குத்தான் இடம்னு நினைப்பு."

"அப்ப நான் வர்றது அவங்களுக்குப் பயமா?"

"பயமோ எரிச்சலோ. நீ அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்காதே."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. அந்த அம்மாவை இன்னும் நாலு வார்த்தை சொன்னேன். இங்கே எழுத முடியாது. அதன் பிறகு லட்ரீஸ் மாநாட்டு மேசைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். அறையில் தனியாக சாண்ட்விச் சாப்பிட்டாள். குரோவெல் எதிரில் வந்தால் செல்போனைப் பார்ப்பாள். அந்த அம்மாவும் சுவரைப் பார்த்துக்கொண்டு போவாராம்.

ஆறாவது வருஷம் வந்தது. எங்கள் உலகத்தில் அந்த வருஷம்தான் ஆளின் தலையெழுத்து. வேலையை நிரந்தரமாக்குவார்கள், இல்லையென்றால் இன்னும் ஒரு வருஷம் கொடுத்து, வேறு இடம் பார்த்துக்கொள் என்று அனுப்பிவிடுவார்கள். நடுவில் ஒன்றும் கிடையாது. லட்ரீஸ் அதற்கு முந்தின வருஷம்தான் வீடு வாங்கி, அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். இந்த நிரந்தரத்துக்கு எல்லாவற்றையும்விட முக்கியம், வெளிப் பல்கலைக்கழகங்களின் பெரியவர்கள் எழுதும் கடிதங்கள். எழுதுபவர் ஆளோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாதவராக இருக்க வேண்டும். கூடக் கட்டுரை எழுதியவர், ஒரே திட்டத்தில் இருப்பவர், சிநேகிதர், யாரும் எழுதக்கூடாது. யாரைக் கேட்கிறார்கள் என்பது சம்பந்தப்பட்டவருக்குத் தெரியவே கூடாது. ஆனால் இன்னார் மட்டும் வேண்டாம், அவருக்கு என் மேல் பகை என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு.

துறைத்தலைவர் வாரன் டிஸ்டேல் அவளைக் கூப்பிட்டார். என் மேசை அவர் கதவுக்கு வெளியில். கதவு எப்போதும் பாதி திறந்தே இருக்கும்.

"லட்ரீஸ், யாரையாவது கேக்க வேண்டாம்னு நினைக்கறீங்களா?"

"ஆர்னெட்டா குரோவெல்."

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டது கேட்டது.

"நிச்சயமாவா?"

"ஏன், அவங்களைத்தான் கேக்கணும்னு இருந்தீங்களா?"

"யாரைக் கேக்கறோம்னு நான் சொல்லக்கூடாது. உங்களுக்கே தெரியும். ஆனா உங்க துறையில இருக்கற பெரிய ஆளுங்க எல்லாரும் டக்கோட திட்டத்துல உங்க கூட எழுதினவங்க. எழுதாதவங்க ரொம்பக் கம்மி. அதனால இன்னொரு தடவை யோசிச்சுச் சொல்லுங்க. நாளைக்குச் சொன்னாக்கூடப் போதும்."

அவள் வெளியே வந்து என் மேசையோரம் நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கவனிச்சீங்களா? மூணு வார்த்தைல முடிய வேண்டியதுக்கு எவ்வளவு பேசறார் பாருங்க. அவங்ககிட்டேயிருந்து ஒரு மோசமான கடிதம் வரணும்னு இருக்கு இவருக்கு. கறுப்புப் பொண்ணைக் கறுப்புப் பொம்பளையே வேண்டாம்னுட்டாங்க, நாங்க என்ன பண்றதுன்னு கையைக் கழுவிடலாம்."

"ஒரு ராத்திரி யோசியேன் கண்ணு."

"அஞ்சு வருஷமா யோசிச்சுட்டேன்."

மறுநாள் காலை அவளே அவர் அறைக்குப் போய், வாசலில் நின்றபடியே, "மாத்தமில்லை" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள். டிஸ்டேல் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடிதம் கேட்டு அனுப்பியது நான்தான். கேட்டவர்களில் குரோவெல் இல்லை.

வசந்தத்தில் முடிவு வந்தது. நிரந்தரம் இல்லை.

டிஸ்டேல் அவளிடம் சொன்னது இது. கடிதங்கள் எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தன. ஆனால் எழுதியவர்கள் யாரும் ஆற்றங்கரை மண்ணை உள்ளும் புறமும் அறிந்தவர்கள் இல்லை. நல்ல பெண், கடின உழைப்பாளி என்கிற ரகம். மேல்குழுவில் ஒருவர், இவள் பெயர் எப்போதும் பத்துப் பேர் நடுவில்தானே இருக்கிறது, இவள் தனியாக என்ன செய்தாள் என்று யாராவது சொல்கிறார்களா என்று கேட்டிருக்கிறார். சொல்லக்கூடிய ஆள் யாரும் எழுதவில்லை. சொற்ப ஓட்டில் போய்விட்டது.

ஹேவர்ஸ்டிக் கண்கலங்கி, அவள் அறைக்கு ஒரு பெரிய பூங்கொத்து கொண்டுவந்தார். அவள் அதை அப்படியே கர்ட்டிஸிடம் கொடுத்து, உங்க வீட்டம்மாவுக்கு என்றாள்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் என் அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அவள் செல்போன் அடித்தது. தெரியாத எண், ஜார்ஜியா. தெரியாத எண் வந்தால் ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள், சாட்சிக்கு ஓர் ஆள் இருக்கட்டும் என்று. அன்றைக்கும் அப்படியே என் மேசைமேல் வைத்தாள்.

"பெட்டவே? நான் ஆர்னெட்டா குரோவெல் பேசறேன்."

லட்ரீஸ் என்னைப் பார்த்தாள். நான் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டேன்.

"முடிவு வந்துருச்சுன்னு கேள்விப்பட்டேன். இனிமே உன்கூடப் பேசலாம். யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. என்ன பொண்ணு நீ, ஒரு வார்த்தைகூட மறுமொழி காணோம்?"

"இருக்கேன் மேடம்."

"நல்லாக் கேட்டுக்கோ. நீ முதல் வருஷம் வந்து எதிர்ல உட்கார்ந்து ஆத்தங்கரை மண்ணுன்னு சொன்ன உடனே எனக்குத் தெரிஞ்சுது, என்னைக்காவது ஒரு நாள் உனக்கு நான்தான் எழுதியாகணும்னு. வேற யாரு இருக்கா? ஒரு படத்துல ஒண்ணா நின்னாக்கூட போச்சு, சிநேகிதிங்க, இவ எழுதறது செல்லாதுன்னுடுவாங்க. ரெண்டு கறுப்புப் பொம்பளைங்கன்னா கேக்கவே வேண்டாம், அக்கா தங்கச்சின்னே முடிவு கட்டிடுவானுங்க. என் விஷயத்துல அப்படித்தான் பண்ணினாங்க. எனக்காக எழுத இருந்த ஒருத்தரோட ஒரு தடவை டின்னர் சாப்பிட்டேன். அந்தக் கடிதத்தைக் குப்பையில போட்டாங்க. ரெண்டாவது ஊர்லதான் எனக்கு நிரந்தரம் ஆச்சு. அதான் உன் நன்றியைக்கூட வேணாம்னேன்."

லட்ரீஸ் போனை இன்னும் பக்கத்தில் நகர்த்திக்கொண்டாள்.

"உன் கட்டுரை ஒவ்வொண்ணும் படிச்சிருக்கேன். அந்தக் களிமண் கணக்கு இருக்கே, என் ஆய்வுக்கூடத்து ஆளுங்க யாருக்கும் அது வராது. கடிதத்தை மனசுக்குள்ளயே எழுதி வெச்சுட்டேன். உன் துறைத்தலைவர்கிட்ட ஒரு கூட்டத்துல ஜாடையா சொல்லிக்கூட வெச்சேன், நான் ஒட்டு உறவு இல்லாத ஆளுன்னு. கடைசியில யாரும் என்னைக் கேக்கவே இல்லை! வேணும்னே எவனோ என் பேரை எடுத்திருக்கான். யாருன்னும் எனக்குத் தெரியும். அந்த ஹேவர்ஸ்டிக். உன் பேரை வெச்சுப் பணம் வாங்கினவன், நீ தனியா நின்னுட்டா அவனுக்கு என்ன மிச்சம்? நான் சும்மா விடப்போறதில்லை. உங்க தலைமை அலுவலகத்துக்கு இன்னைக்கே எழுதறேன். முறைப்படி நடக்கலைன்னு நிரூபிச்சா எல்லாத்தையும் முதல்லேர்ந்து பண்ணியாகணும், சட்டம் அப்படி. நீ ஒண்ணும் பேச வேண்டாம். கேட்டா, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு மட்டும் சொல்லு. மீதியை நான் பார்த்துக்கறேன்."

அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் வேலை திரும்பக் கிடைக்க வழி உண்டு. யார் வேண்டாம் என்று சொன்னது என்பது அந்த அறையில் இரண்டு பேருக்கும், பக்கத்து அறையில் டிஸ்டேலுக்கும் மட்டும்தான் தெரியும். டிஸ்டேல் பயந்த சுபாவம்; விசாரணை என்றால் வாயைத் திறக்க ஆறு மாதம் எடுத்துக்கொள்வார். ஹேவர்ஸ்டிக் கொஞ்சம் தலைகுனிந்தால் குனியட்டும், அந்த மனிதர் தின்ற விலாக்கறிக்கு அது அதிகமில்லை. நான் என் உதட்டின் மேல் விரலை வைத்து லட்ரீஸைப் பார்த்து வேகமாகத் தலையாட்டினேன். பேசாதே பெண்ணே. ஒரே ஒரு தடவை பேசாமல் இரு.

அவள் என் விரலைப் பார்த்தாள். அப்புறம் போனைப் பார்த்தாள்.

"டாக்டர் குரோவெல், டக் இல்லை. நான்தான் சொன்னேன்."

"என்ன சொன்னே?"

"உங்களைக் கேக்க வேண்டாம்னு. யோசிச்சுச் சொல்லுன்னு ஒரு நாள் அவகாசம் கொடுத்தாங்க. திரும்பப் போய் அதையேதான் சொன்னேன்."

வெளியே யாரோ மாணவர்கள் படிக்கட்டில் ஓடிப்போனார்கள். துண்டித்துவிட்டாரோ என்று நான் எட்டிப் பார்த்தேன், போன் திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஏம்மா?" என்றார் அந்த அம்மா. குரல் சுத்தமாக மாறிப்போயிருந்தது.

"உங்களுக்கு என்னைப் பிடிக்காதுன்னு நினைச்சேன்."

"பிடிக்கலைன்னா உன்கூட உட்கார்ந்து சாப்பிட்டிருப்பேனே, பொண்ணே."

லட்ரீஸ் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அந்தப் பக்கமும் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ரெண்டு பேரும் போனை வைக்கவில்லை. நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து, டிஸ்டேலைப் பார்க்க வந்தவர்களைப் பிறகு வரச் சொன்னேன்.